நூற்காவலர் அரங்கநாதனார்

கல்விச் செல்வத்தைக் கள்வர் கவரார் என்பது ஆன்றோர் கொள்கை. ஆயின், அக்கல்வியைத் தாங்கி நிற்கும் புத்தகங்களோ எளிதிற் களவு போவன. இதனை அஞ்சியே, இடைக்கால ஐரோப்பாவில் நூல்களை இருப்புச் சங்கிலியாற் பிணித்து வைத்தனர். நம் நாட்டிலோ பூட்டிய அலமாரிகளே நெடுங்காலம் அவற்றைக் காத்து நின்றன. பூட்டை நீக்கியும் நூல்களைக் காக்கலாம் என்று நமக்குக் காட்டிய பெரியார், சீர்காழி இராமாமிருத அரங்கநாதனார்.

இவர் 1892-ஆம் ஆண்டு தஞ்சை ஜில்லாவிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் கணிதம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றுக் கணித ஆசிரியராய் விளங்கினார். 1924-இல் சென்னைச் சர்வகலாசாலைப் புத்தகசாலையின் தலைவராக நியமிக்கப்பெற்றார். மாணவர் சூழ வாழ்ந்தவர்க்கு அங்கிருந்த தனிமை கசந்தது. பழைய தொழிலுக்கே மீள விழைந்தார். எனினும், இங்கிலாந்து சென்று அந்நாட்டுப் புத்தகசாலைகள் மக்கட்குப் பயன்படும் திறத்தைக் கண்டபின் அவர் மனம் முற்றும் மாறியது.

தாயகம் திரும்பியவர், வாசகர் தாமே அடுக்குகளிடையே சென்று நூல்களைத் தேரும் முறையைப் போற்றி வளர்த்தார். களவு பெருகுமே என்று பலர் அஞ்சினர். 1931-இல் வெளிவந்த, நூலக இயலின் ஐந்து விதிகளைக் கூறும் தம் நூலில், அவ்வச்சத்திற்கு அவர் விடை கண்டார். சன்னல்களுக்குக் கம்பிவலை இடுக. போக்குவரவை ஒரு வழியில் அடக்குக. பணியாளர் விடுவித்தாலன்றித் திறவாத சிறு கதவை அவ்வழியில் அமைக்க. இங்ஙனம் வாயிலிற் காவல் வைத்தால், உள்ளே ஒவ்வோர் அலமாரிக்கும் பூட்டு வேண்டுவதில்லை. சில நூல்கள் தொலையினும், எல்லா நூல்களும் படிப்பாரின்றிக் கிடப்பதே பேரிழப்பு என்பது அவர் கருத்து.

அவரது இடையறாத முயற்சியின் பயனாக 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற விருத்தாசலம் போன்ற ஊர்களிலும் பொது நூலகம் தழைத்தற்கு அதுவே வித்தாகும். பெரும்புகழ் எய்திய அரங்கநாதனார் 1972-இல் பெங்களூரில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நண்பர்காள்! திறந்த அடுக்கு நம்மை நம்பித் திறக்கப்பட்டது. அதிலிருந்து ஒரு நூலைக் கவர்பவன் புத்தகசாலையின் பொருளை மட்டுமோ கவர்கின்றான்? தனக்குப்பின் வரும் மாணவன் கையிலிருந்தன்றோ அதனைப் பறிக்கின்றான்! கவர்வார் பெருகின், நீங்கிய பூட்டுக்கள் மீண்டும் வந்துவிடும். அவை வாராமற் காப்பது நம் கடனேயாகும்.