மாதம் பத்து வெள்ளி



பிள்ளைகள் படிப்பிலும் வாழ்விலும் முன்னுக்கு வர என்ன வேண்டும்? தலையெழுத்து நன்றாக இருக்கணும், இல்லாட்டி அப்பனிடம் காசு இருக்கணும் என்று நம்மில் பலர் சொல்லிவிட்டுப் போகிறோம். அது சரிதானா? நம் பேராக் மண்ணிலே பிறந்த துன் வீ. தி. சம்பந்தனின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1919 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் அவர். தந்தையார் வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து, பாடுபட்டு, ரப்பர் தோட்டத்துக்கே சொந்தக்காரர் ஆனவர். ஆகவே சம்பந்தனுக்குக் காசுக்குக் குறைவில்லை. படிக்காமலே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் அவர் கோலகங்சார் கிளிப்பர்ட் பள்ளியில் படித்தார். பிறகு கடல் கடந்து போய், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார்.

படித்தவர் ஊரை மறக்கவில்லை. 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி பெயரால் ஒரு தமிழ்ப்பள்ளி எழும்ப முன்னின்றார். 1955இல் ம.இ.கா. தலைவரானார். அதே ஆண்டு நமது கிந்தா உத்தாரா தொகுதியில் வென்று, தொழில் அமைச்சராகவும் ஆனார்.

1957இல் நாடு சுதந்திரம் பெற்றது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது அதைத்தான். வேலையும் போச்சு, லயத்து வீடும் போச்சு என்று நம்மவர்கள் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அதோடு போயிற்று.

அதற்கு மருந்தாக, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கி வைத்தார். தொழிலாளியே காசு சேர்த்துத் தோட்டத்தை வாங்குவது என்பது திட்டம். பங்கு ஒன்று நூறு வெள்ளி; மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய சம்பளத்தில் பத்து வெள்ளி லேசான காசல்ல. பால்மரம் வெட்டுகிறவன் தோட்டம் வாங்குவதாவது என்று சிரித்தவர்களும் உண்டு. அமைச்சராக இருந்தவர், துணைவியார் உமா சுந்தரியுடன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அடுத்தடுத்து வேறு தோட்டங்களும் வந்தன.

1979 மே 18இல் அவர் மறைந்தார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதில் நமக்கு என்ன பாடம்? அந்தத் தோட்டத்தை வாங்கியது சம்பந்தன் வீட்டுப் பணமல்ல. மாதம் தவறாமல் கட்டிய பத்துப் பத்து வெள்ளிதான் வாங்கியது. படிப்பும் அப்படித்தான். சோதனைக்கு முதல் வாரம் விடிய விடியப் படிக்கிற பிள்ளையைவிட, தினம் ராத்திரி ஒரு மணி நேரம் தவறாமல் புத்தகத்தைத் தொடுகிற பிள்ளைதான் கரை சேரும். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் டிவியை அடைத்து வைப்பது பெற்றோர் கட்ட வேண்டிய தவணை.

பத்து காஜா வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்டோம். ஒரு பாடத்தில் தோற்றுவிட்டான் என்பதற்காகப் பையனைப் பள்ளியை விட்டு நிறுத்தி வேலைக்கு அனுப்பப் பார்க்கிற வீடு உங்கள் பக்கத்தில் இருந்தால், இந்தக் கதையை அங்கே போய்ச் சொல்லுங்கள். தவணையை நடுவில் நிறுத்தியவனுக்குத் தோட்டத்தில் பங்கு ஏது?