அறிஞர் சித்திலெப்பை: வாக்குரிமை இல்லாத நாளில் ஒரு பத்திரிகை

மாணவர்களே, சனநாயகத்தில் பத்திரிகையின் பங்கு என்னும் விடயம் குடியுரிமைக் கல்வி, வரலாறு, தமிழ்மொழிக் கட்டுரை ஆகிய மூன்றிலும் வினவப்படக்கூடியது. ஊடகம் சனநாயகத்தின் நான்காவது தூண் என்று தொடங்கி, அதே கருத்தை நான்கு பந்திகளில் திருப்பித் திருப்பி எழுதி முடித்துவிடுவோர் பலர். அப்படி எழுதப்பட்ட கட்டுரைக்குப் புள்ளி குறைவாகவே கிடைக்கும். ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக்காட்டாக வைத்து எழுதினால் விடயம் தானே விளங்கும். அதற்கு நாம் இலண்டனுக்கோ நியூயோர்க்குக்கோ போகவேண்டியதில்லை. கண்டி நகரத்திலேயே அப்படி ஒருவர் வாழ்ந்தார்.

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838ஆம் ஆண்டு ஜுன் மாதம் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தார். கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் வசமாகி அப்போது இருபத்து மூன்று ஆண்டுகளே கழிந்திருந்தன. மன்னராட்சியைக் கண்ணால் கண்ட முதியோர் பலர் ஊரில் இருந்த காலம் அது. அவரது குடும்பம் தென்மேற்குக் கரையிலுள்ள அளுத்கமைப் பகுதியிலிருந்து வணிகத்தின் பொருட்டுக் கண்டிக்கு வந்து குடியேறியது. தந்தை முகம்மது லெப்பை ஆங்கிலம் கற்றவர். பிரித்தானியர் ஆட்சியில் சட்டத்தொழிலில் நுழைந்த முதல் முஸ்லிம் எனக் கருதப்படுபவர் அவரே.

சித்திலெப்பை அறபும் தமிழும் ஆங்கிலமும் கற்றார். கண்டியில் வளர்ந்தவராதலால் சிங்களமும் அவருக்குப் பழக்கமான மொழி. 1862இல் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் புரக்டராகவும், 1864இல் உயர் நீதிமன்றப் புரக்டராகவும் பதிவு பெற்றார். சில காலம் நீதவானாகக் கடமையாற்றினார். கண்டி மாநகர சபையிலும் அங்கம் வகித்தார். வருமானமும் மதிப்பும் உள்ள தொழில். வேறு எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் ஊரில் பெரிய மனிதராகவே வாழ்ந்திருப்பார்.

ஆனால் நீதிமன்றம் ஒருவருக்குப் பல உண்மைகளைக் காட்டிவிடும். அக்கால நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். காணி, கடன், வியாபாரம் ஆகியன பற்றிய சட்டங்களெல்லாம் ஆங்கிலத்திலேயே இருந்தன. தன்னைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைத் தானே வாசித்தறிய முடியாதவன் மற்றவர் சொல்வதை நம்பித்தான் ஆகவேண்டும். முஸ்லிம்களிடையே இந்நிலை கூடுதலாக இருந்தது. ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமாரால் நடத்தப்பட்டன. அங்கே அனுப்பினால் பிள்ளைகள் மதம் மாறிவிடுவர் என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. எனினும் அதன் விளைவாக ஒரு சமுதாயமே அரசாங்க உத்தியோகத்திலிருந்தும் பொது விவகாரங்களிலிருந்தும் ஒதுங்கி நின்றது.

1882ஆம் ஆண்டு

சித்திலெப்பை 1882ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆம் திகதி முஸ்லிம் நேசன் என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரனைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1880இல், பௌத்த மறுமலர்ச்சியாளர்கள் கொழும்பில் சரசவி சந்தரெச என்னும் சிங்களப் பத்திரிகையை ஆரம்பித்திருந்தனர். ஆக, இது ஒரு தனிமனிதரின் ஆசை மட்டுமன்று. அந்தக் காலத்தின் போக்கு. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்துவிட்டது. தபால் சேவையும் விரிந்திருந்தது. அச்சிட்ட தாளை ஊர் ஊராக அனுப்பும் வசதி அப்போதுதான் கைகூடியது.

இங்கே மாணவர் அடிக்கடி விடும் பிழையொன்றைச் சொல்லிவிடவேண்டும். முஸ்லிம் நேசன் இலங்கையின் முதல் தமிழ்ப் பத்திரிகை அன்று. அந்தப் பெருமை 1841இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய உதயதாரகைக்கு உரியது. முஸ்லிம்கள் வெளியிட்ட முதல் பத்திரிகை என்று எழுதுவதும் சரியாகாது. கொழும்பில் வாழ்ந்த மலாயர்கள் 1869இலேயே அலாமத் லங்காபுரி என்ற மலாய்ப் பத்திரிகையை வெளியிட்டுள்ளனர். முஸ்லிம் நேசன் முதலாவதாக வந்ததனால் அன்று, செய்த வேலையினால்தான் நினைக்கப்படுகிறது.

அது என்ன வேலை? அதை விளங்கிக்கொள்ள அக்கால ஆட்சிமுறையைச் சற்று நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். 1833இல் கோல்புறூக் சீர்திருத்தத்தின்படி சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டது. அதில் உத்தியோகத்தர்களே பெரும்பான்மையினர். உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் அறுவர். மூவர் ஐரோப்பியர், சிங்களவர், தமிழர், பறங்கியர் சார்பில் ஒவ்வொருவர். அறுவரையும் தேசாதிபதியே நியமித்தார். மக்கள் எவரும் அவர்களுக்கு வாக்களிக்கவில்லை. முஸ்லிம்களுக்கென்றும் கண்டிச் சிங்களவருக்கென்றும் தனி ஆசனம் கிடையாது. கொழும்பு, கண்டி போன்ற மாநகர சபைகளில் மட்டும் சொத்துள்ள சிலருக்கு வாக்கு இருந்தது.

வாக்குச்சீட்டு இல்லாத நாட்டில் மக்கள் நினைப்பதை அரசாங்கம் எப்படி அறியும்? அரசாங்கம் செய்வதை மக்கள் எப்படி அறிவர்? ஒன்று மனு எழுதவேண்டும்; அல்லது பத்திரிகையில் எழுதவேண்டும். மனு அதிகாரியின் மேசையோடு நின்றுவிடும். பத்திரிகையோ கடைத்தெருவில் வாசிக்கப்படும். எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க, சுற்றியிருப்போர் கேட்பது அன்றைய வழக்கம். அதனால் ஒரு பிரதி பல காதுகளை அடைந்தது. தேர்தலும் பாராளுமன்றமும் வருவதற்கு வெகுகாலம் முன்னரே மக்கள் பொது விடயங்களைப் பேசிப் பழகிய இடம் பத்திரிகைதான். சனநாயகம் வாக்குச்சாவடியில் மட்டும் பிறந்ததில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஆட்சியாளரும் இதை அறிந்தே இருந்தனர். இந்தியாவில் 1878இல் சுதேசமொழிப் பத்திரிகைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆங்கிலப் பத்திரிகைகளை விட்டுவிட்டு இந்திய மொழிப் பத்திரிகைகளை மட்டும் அது கட்டுப்படுத்தியது. வங்காளத்தில் அமிர்த பஜார் பத்திரிகா என்னும் இதழ் அச்சட்டத்திலிருந்து தப்ப உடனடியாக ஆங்கில இதழாக மாறிக்கொண்டது. மக்கள் மொழியில் எழுதுவதுதான் அதிகாரத்துக்கு அச்சமூட்டுகிறது என்பதை இச்சம்பவத்தைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

எகிப்தும் கண்டியும்

முஸ்லிம் நேசன் தொடங்கிய அதே 1882இல் எகிப்தில் போர் மூண்டது. ஜுலை மாதத்தில் பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியா நகரைப் பீரங்கியால் தாக்கியது. செப்டெம்பரில் தெல் எல் கபீர் என்னுமிடத்தில் எகிப்தியப் படை தோற்றது. தலைவர் அறபி பாஷா சிறைப்பட்டு, தோழர் அறுவருடன் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். 1883 ஜனவரியில் அவர்கள் கொழும்பில் வந்திறங்கினர். பிரித்தானிய அரசாங்கத்துக்கு அவர் கலகக்காரர். இலங்கை முஸ்லிம்களோ அவரைப் பார்க்கத் திரண்டனர். உலகச் செய்தியும் ஊர்ச் செய்தியும் ஒன்றாகிவிட்ட அந்த வேளையில், முதல் இதழ் வந்து ஒரு மாதமும் ஆகாத ஒரு தமிழ்ப் பத்திரிகை இங்கே இருந்தது! துருக்கி, எகிப்து, அரேபியா பற்றிய செய்திகளை ஆங்கிலம் அறியாதோர் தமிழில் அறிந்துகொள்ள முஸ்லிம் நேசன் வழி செய்தது. அதற்குத் தென்னிந்தியாவிலும் மலாயாவிலும் வாசகர் இருந்தனர். 1887இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழ் இதழொன்றின் பெயர் சிங்கை நேசன்.

சித்திலெப்பை அறபி பாஷாவின் நண்பரானார். ஆயினும் அவர் பிரித்தானிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தவர் அல்லர். அந்த ஆட்சியின் கீழேயே தம்மவர் கல்வி கற்று முன்னேறவேண்டும் என்பதே அவரது நிலைப்பாடு. வட இந்தியாவில் 1875இல் அலிகார் கல்லூரிக்கு வித்திட்ட சேர் செய்யது அகமது கானும் இத்தகையவரே. அவரும் 1870இல் ஓர் இதழைத் தொடங்கியே தமது சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பினார். இன்று பார்க்கும்போது இது மிதமான போக்காகத் தோன்றலாம். ஆனால் பத்திரிகையாளனின் துணிவை அரசாங்கத்தைத் தாக்குவதைக் கொண்டு மட்டும் அளப்பது தவறு. தன் சொந்த மக்களின் குறையை அவர்கள் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்வது அதைவிடக் கடினமாக இருக்கலாம். அரசாங்கத்தைத் திட்டினால் வாசகர் கைதட்டுவர். வாசகரைக் கண்டித்தால் சந்தாவை நிறுத்திவிடுவர்.

சித்திலெப்பை இரண்டாவதைச் செய்தார். பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் தமிழும் கணிதமும் கற்பிக்க வேண்டும், பெண்பிள்ளைகளையும் படிப்பிக்க வேண்டும் என்று எழுதினார். சமுதாயத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. ஆங்கிலக் கல்வியைச் சந்தேகத்தோடு பார்த்தோர் அவரையும் சந்தேகத்தோடு பார்த்தனர். அவர் பின்வாங்கவில்லை. நல்ல வருமானம் தந்த சட்டத்தொழிலைக் கைவிட்டு, ஊர் ஊராகச் சென்று பேசினார்.

எழுதியதோடு நின்றுவிடாமல் செய்தும் காட்டினார் என்பதை மறந்துவிடாதீர்கள். 1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் அல் மத்ரசதுல் கைரிய்யா என்ற பாடசாலை அவரது முயற்சியால் திறக்கப்பட்டது. சமயக் கல்வியோடு நவீன கல்வியும் சேர்ந்த பாடசாலை அது. போதிய ஆதரவின்றி அது தளர்ந்துபோனது. அதனால் முயற்சி வீணாயிற்று எனச் சொல்லிவிட முடியாது. 1892இல் கொழும்பு மருதானையில் வாப்பிச்சி மரைக்காரின் பெரும் பங்களிப்புடன், அறபி பாஷாவின் ஆதரவோடு, பின்னாளில் சாஹிராக் கல்லூரி எனப் புகழ்பெற்ற பாடசாலை எழுந்தது. முதல் தோல்வியின் மேல் கட்டப்பட்டதே அந்த வெற்றி. இதற்கிடையே 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண்களுக்கென ஒரு பாடசாலையை அவர் தொடங்கினார். கம்பளை, குருநாகல் முதலிய இடங்களிலும் பாடசாலைகள் ஏற்பட அவர் தூண்டுகோலாக இருந்தார்.

ஓர் ஆசனமும் ஒரு நாவலும்

1889இல் சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் தொகை எட்டாக உயர்ந்தது. கண்டிச் சிங்களவருக்கு ஓர் ஆசனமும் முஸ்லிம்களுக்கு ஓர் ஆசனமும் புதிதாகக் கிடைத்தன. முதல் முஸ்லிம் உறுப்பினராக எம். சி. அப்துல் ரகுமான் நியமிக்கப்பட்டார். இதைப் பத்திரிகையின் வெற்றி என்று சில நூல்களில் எழுதிவிடுகின்றனர். அவ்வளவு எளிதாக முடிவு கட்டவேண்டாம். அப்போதைய தேசாதிபதி ஆதர் கோடனுக்கு இதில் சொந்த அரசியற் கணக்குகளும் இருந்தன. நியமனம்தானே தவிர தேர்தல் அன்று என்பதையும் கவனியுங்கள். ஆனால் தமக்கும் ஒரு குரல் வேண்டும் என்று ஒரு சமுதாயம் கேட்கத் தொடங்கியதில் பத்திரிகைக்குப் பங்கு இருந்தது.

பத்திரிகை நடத்தியவருக்குக் கதை சொல்லவும் தெரிந்திருந்தது. 1885இல் வெளிவந்த அவரது அசன்பேயுடைய சரித்திரம் இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. தமிழின் முதல் நாவலான வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. இரண்டுக்கும் இடையே ஆறு ஆண்டுகளே. எகிப்திய உயர்குடியில் பிறந்த குழந்தையொன்று கடத்தப்பட்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்படுவதும், வளர்ந்து பல இன்னல்களைக் கடந்து தன் குலத்தை அடைவதும் கதை. கண்டியில் இருந்த ஆசிரியர் எகிப்தைக் களமாகக் கொண்டதில் வியப்பில்லை. அவரது வாசகர் ஒவ்வொரு வாரமும் எகிப்தைப் பற்றி அறிய ஆவலாக இருந்தவர்களே. 1892இல் ஞானதீபம் என்ற மாத இதழையும் அவர் வெளியிட்டார். இறுதிக் காலத்தில் அவரது கவனம் ஆன்மீக ஞானத்தின்பால் கூடுதலாகத் திரும்பியது. அஸ்றாறுல் ஆலம் என்ற நூல் அதன் பயனாகும்.

பத்திரிகைச் சுதந்திரத்தைச் சட்டத்தால் காத்த முதல் நாடு சுவீடன், ஆண்டு 1766. ஐக்கிய அமெரிக்காவில் 1791இல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. 1948இன் மனித உரிமைகள் பிரகடனத்தில் 19ஆம் உறுப்புரை கருத்துச் சுதந்திரத்தைக் கூறுகிறது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 14ஆம் உறுப்புரை. 2016இல் தகவலறியும் உரிமைச் சட்டம் நிறைவேறியது. இவற்றைக் கட்டுரையில் ஆண்டுகளோடு குறிப்பிடலாம். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் காட்டிய ஓர் உண்மையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் நிகழ்வதில்லை என்பது அவரது முடிவு. பசியால் ஒருவர் இறந்த செய்தி மறுநாள் அச்சில் வந்துவிட்டால் அரசாங்கம் பேசாமல் இருக்கமுடியாது. இந்தச் சட்டங்களில் எதுவும் சித்திலெப்பையின் நாட்டில் அன்று இல்லை என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள்.

1892இல் அறபி பாஷா கொழும்பை விட்டுக் கண்டிக்கு வந்து குடியிருந்தார். ஆகவே சித்திலெப்பையின் கடைசி ஆண்டுகளில் நண்பர் இருவரும் ஒரே ஊரினர். 1898ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் திகதி தமது ஐம்பத்தொன்பதாவது வயதில் சித்திலெப்பை கண்டியில் காலமானார். பாஷா 1901இல்தான் தாயகம் திரும்பினார். 1977இல் சித்திலெப்பையின் உருவம் பொறித்த முத்திரையை இலங்கை அரசாங்கம் வெளியிட்டது. கண்டியில் ஒரு பாடசாலையும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

படித்த இலங்கையர் ஒருவரைச் சட்டநிரூபண சபைக்குத் தெரிவு செய்யும் தேர்தல் முதன்முதலாக நடந்தது 1911இல். அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அதிலும் கல்வித் தகுதி உடைய சிலரே வாக்களித்தனர். 1920களில் கோ. நடேசய்யர் போன்றோர் தேசபக்தன் முதலிய இதழ்கள் மூலம் தோட்டத் தொழிலாளருக்காக எழுதியபோதும் அத்தொழிலாளருக்கு வாக்கு இருக்கவில்லை. சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது. முஸ்லிம் நேசனின் முதல் இதழுக்கும் அதற்கும் இடையே நாற்பத்தொன்பது ஆண்டுகள்.