17 வயதில் சாம்பியன்... 24 வயதில் மரணம்! 'தி ஓபன்' கோல்ஃப் தொடரையே ஒரு வருஷம் நிற்க வைத்த டாமி மாரிஸ் யார்?

ஒவ்வொரு ஜூலையிலும் பிரிட்டனில் ஒரு கோல்ஃப் தொடர் நடக்கும். பெயர் 'தி ஓபன்'. உலகின் மிகப் பழைய கோல்ஃப் தொடர் இதுதான். 2025-ல் இதை வென்ற அமெரிக்க வீரர் ஸ்காட்டி ஷெஃப்லருக்குக் கிடைத்த பரிசுத்தொகை 31 லட்சம் டாலர். கூடவே 'கிளாரெட் ஜக்' என்று அழைக்கப்படும் வெள்ளிக் கூஜா ஒன்றையும் கையில் கொடுப்பார்கள்.

அந்தக் கூஜாவில் சாம்பியன்களின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் பெயர் டாம் மாரிஸ் ஜூனியர். ஊர்க்காரர்களுக்கு 'யங் டாம்', வீட்டில் டாமி.

இந்த டாமி இல்லையென்றால் அந்தக் கூஜாவே இருந்திருக்காது. அது எப்படி?

அண்ணனின் பெயர் தம்பிக்கு

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ், கோல்ஃபின் தாய்வீடு. அங்கே டாம் மாரிஸ் என்று ஒரு தொழிலாளி. கோல்ஃப் பந்து செய்வது, மைதானத்தைப் பராமரிப்பது, ஆட்டம் ஆடுவது எல்லாம் தெரிந்தவர். அவருக்கும் மனைவி நான்சிக்கும் முதலில் பிறந்த மகன் டாமி. நான்கு வயதில், 1850-ல் அந்தக் குழந்தை இறந்துபோனது.

அடுத்த வருஷம் ஏப்ரலில் இன்னொரு ஆண் குழந்தை பிறந்தது. போன பிள்ளையின் பெயரையே இவனுக்கும் வைத்தார்கள். நம்ம நாயகன் இந்த இரண்டாவது டாமி.

குழந்தை பிறந்த அதே 1851-ல் குடும்பம் மேற்குக் கடற்கரைக்கு இடம் மாறியது. பிரஸ்ட்விக் என்ற ஊரில் புதிதாக ஒரு கோல்ஃப் மைதானம் அமைக்க அப்பாவுக்கு வேலை கிடைத்திருந்தது. மொத்தம் 12 குழிகள் கொண்ட சின்ன மைதானம். இன்றைய மைதானங்களில் 18 குழிகள் இருக்கும்.

எட்டே பேர் ஆடிய முதல் தொடர்

அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பெயரெடுத்தவர் ஆலன் ராபர்ட்சன். 1859-ல் அவர் காலமானார். அடுத்த நம்பர் ஒன் யார் என்று பார்க்க பிரஸ்ட்விக் கிளப் ஒரு போட்டி நடத்தியது. 1860 அக்டோபர் 17, எட்டு பேர், மூன்று சுற்று, 36 குழிகள், ஒரே நாள். இன்று கோடிகள் புரளும் தொடரின் தொடக்கம் அவ்வளவுதான்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்காக: பந்தைக் குழியில் போட எத்தனை அடி எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. குறைவாக அடித்தவரே ஜெயித்தவர். வில்லி பார்க் என்பவர் 174 அடிகளில் முடித்தார். டாமியின் அப்பா 176. மயிரிழையில் போச்சு.

பரிசு என்ன தெரியுமா? ஒரு பெல்ட். சிவப்பு மொராக்கோ தோலில் வெள்ளிப் பட்டைகள் வைத்துச் செய்தது, மதிப்பு 25 பவுண்டு. காசு கிடையாது. ஜெயித்தவரும் அதை ஒரு வருஷம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். ஆனால் ஒரு விதி இருந்தது. தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தால் பெல்ட் அவருக்கே சொந்தம். இந்த விதியை எழுதியவர்கள், எவனாவது உண்மையிலேயே இதைச் செய்துவிடுவான் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

அப்பா மாரிஸ் 1861, 1862 என்று இரண்டு முறை தொடர்ந்து வென்றார். மூன்றாவதில் கோட்டைவிட்டார். அதன்பிறகு 1864-லும் 1867-லும் ஜெயித்தார். 1867-ல் அவருக்கு வயது 46.

13 வயதில் முதல் சம்பாத்தியம்

டாமி வளர்ந்த சூழல் கொஞ்சம் வேறு. அப்பா தொழிலாளி என்றாலும், மகனை ஏர் அகாடமி என்ற நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தார். பையனின் மனசு படிப்பில் நிற்கவில்லை. 13 வயதில் பெர்த் நகரில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில் இன்னொரு சிறுவனைத் தோற்கடித்து 5 பவுண்டு பரிசு வாங்கினான். அப்பா மைதானப் பராமரிப்பாளராக வாங்கிய வருஷச் சம்பளமே 50 பவுண்டு பக்கம்தான் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த 5 பவுண்டின் எடை புரியும்.

1868. டாமிக்கு வயது 17. பிரஸ்ட்விக்கில் பெல்ட்டை வென்றான். மூன்று அடி வித்தியாசத்தில் இரண்டாம் இடம் வந்தவர் வேறு யாருமில்லை, பெற்ற அப்பா!

இங்கே கொஞ்சம் நிற்கலாம். 'தி ஓபன்' வென்றவர்களிலேயே மிக வயதானவர் 1867-ன் அப்பா. மிக இளையவர் அடுத்த வருஷத்தின் மகன். ஒரே வீட்டுக்குள் அடுத்தடுத்த வருஷத்தில் நடந்த இந்த இரண்டு சாதனைகளையும் 150 வருஷம் தாண்டியும் யாரும் முறியடிக்கவில்லை.

1869-ல் மறுபடியும் டாமி. அந்த வருஷம் எட்டாவது குழியில், சுமார் 150 மீட்டர் தூரத்திலிருந்து ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டார். 'ஹோல் இன் ஒன்' என்கிறோமே, அந்தத் தொடரில் பதிவான முதல் ஹோல் இன் ஒன் அது.

பெல்ட் போச்சு, தொடரும் நின்னுச்சு

1870 தான் உச்சம். முதல் குழியே 578 கெஜம், அதாவது அரை கிலோமீட்டருக்கு மேல். நல்ல ஆட்டக்காரருக்கே ஆறு அடி ஆகும் என்று வைத்திருந்த குழி அது. டாமி மூன்றே அடியில் முடித்தார்.

கையில் இருந்தது இன்றைய உலோக மட்டை இல்லை, மரக்கழி. பந்து, மலாய் நாட்டு மரங்களின் பாலை உறைய வைத்துக் கிடைக்கும் 'கட்டா பெர்ச்சா' என்ற பிசினை உருட்டிச் செய்தது. அதை அரை கிலோமீட்டர் கொண்டுபோய் மூன்று அடியில் குழிக்குள் தள்ளுவதை இன்று கற்பனை செய்வதே கஷ்டம். வீசும் வேகத்தில் தலையில் இருந்த தொப்பி பறந்து விழுமாம்.

மொத்தம் 149 அடிகள். அடுத்த இடம் வந்தவர்களுக்கு 161. பன்னிரண்டு அடி வித்தியாசம். 36 குழிகளாக இந்தத் தொடர் நடந்த காலம் முழுக்க, 1891 வரை, அந்த 149-ஐ யாரும் தொடவில்லை.

மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தாயிற்று. விதிப்படி பெல்ட் டாமி வீட்டுக்குப் போய்விட்டது. பிரஸ்ட்விக் கிளப்பிடம் அடுத்த வருஷம் கொடுக்கப் பரிசே இல்லை! 1871-ல் தொடர் நடக்கவில்லை. பின்னாளில் உலகப்போர், கொரோனா காரணமாகவும் இந்தத் தொடர் நின்றிருக்கிறது. ஆனால் ஒரு பையன் ரொம்ப நன்றாக ஆடிவிட்டான் என்பதற்காக நின்றது அந்த ஒருமுறைதான்.

கடைசியில் பிரஸ்ட்விக், செயின்ட் ஆண்ட்ரூஸ், எடின்பரோ ஆகிய இடங்களைச் சேர்ந்த மூன்று கிளப்புகள் சேர்ந்து ஆளுக்கு 10 பவுண்டு போட்டு ஒரு வெள்ளிக் கூஜா செய்ய முடிவெடுத்தன. அதுதான் கிளாரெட் ஜக். இந்த முறை மூன்று முறை ஜெயித்தால் சொந்தம் என்ற விதியெல்லாம் இல்லை. சூடு கண்ட பூனை!

1872-ல் தொடர் மீண்டும் நடந்தது. ஜெயித்தது மறுபடியும் டாமி. தொடர்ந்து நான்கு வெற்றி. இன்றுவரை இந்தத் தொடரில் வேறு யாருக்கும் இது வாய்க்கவில்லை. ஆனால் கூஜா அதற்குள் செய்து முடியவில்லை, அவருக்கு ஒரு பதக்கம்தான் கொடுத்தார்கள். தன் பெயர் முதலில் பொறிக்கப்பட்ட அந்தக் கூஜாவைச் சாம்பியனாக நின்று டாமி வாங்கவே இல்லை. அதை முதலில் பெற்றவர் 1873-ல் ஜெயித்த டாம் கிட்.

ஆடுகிறவன் தொழிலாளி, பந்தயம் கட்டுகிறவன் துரை

அன்று கோல்ஃப் 'புரொஃபஷனல்' என்றால் இன்றைய அர்த்தம் இல்லை. பெரிய மனிதர்களின் மட்டைகளைச் சுமக்கும் கேடி, புல் வெட்டுகிறவர், பந்து செய்கிறவர், இவர்கள்தான் புரொஃபஷனல்கள். கிளப் உறுப்பினர்களான பெரிய மனிதர்கள் இவர்கள்மீது பந்தயம் கட்டுவார்கள். ஜெயித்தால் மனசு வைத்து ஒரு பங்கு கொடுப்பார்கள்.

அப்பா மாரிஸ் இந்த ஏற்பாட்டுக்குள் பணிவோடு வாழ்ந்தவர். டாமி அப்படியில்லை. தான் ஆடுவதைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது என்று அவருக்குத் தெரியும். நண்பரும் போட்டியாளருமான டேவி ஸ்ட்ராத்துடன் சேர்ந்து ஊர் ஊராகப் போய்ப் பணத்துக்கு ஆடினார். விளையாட்டையே தொழிலாகக் கொண்டு தன் விலையைத் தானே பேசிய முதல் தலைமுறை அது. அந்த 31 லட்சம் டாலருக்கு விதை இங்கேதான் விழுந்தது என்று சொன்னால் மிகையில்லை.

1874 நவம்பரில் டாமி கல்யாணம் செய்துகொண்டார். மனைவி மார்கரெட் ட்ரின்னன், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள், டாமியைவிடச் சுமார் பத்து வயது மூத்தவர்.

அந்தத் தந்தி

1875 செப்டம்பர். நார்த் பெர்விக் என்ற ஊரில் ஒரு பந்தய ஆட்டம். அப்பாவும் மகனும் ஒரு ஜோடி. எதிரே வில்லி பார்க், அவர் தம்பி மங்கோ பார்க். வீட்டில் மார்கரெட் நிறைமாத கர்ப்பிணி.

ஆட்டம் முடிய இரண்டே குழிகள் பாக்கி இருந்தபோது தந்தி வந்தது. பிரசவம் சிக்கலாகியிருக்கிறது, உடனே வரவும்.

மீதி இரண்டு குழிகளையும் ஆடி முடித்தார்கள். ஜெயித்தும் விட்டார்கள்.

நார்த் பெர்விக்குக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கும் நடுவில் ஃபோர்த் கடற்கழி. இன்று இருக்கும் ரயில் பாலம் 1890-ல்தான் திறக்கப்பட்டது. ரயிலில் போனால் எடின்பரோ வழியாகச் சுற்ற வேண்டும். அதனால் ஒரு படகைப் பிடித்து, கழியைக் கடந்து, கரையோரமாகவே ஊருக்கு விரைந்தார்கள்.

போய்ச் சேர்ந்தபோது மார்கரெட்டும் உயிரோடு இல்லை, பிறந்த ஆண் குழந்தையும் இல்லை.

அந்த மாதம் பிரஸ்ட்விக்கில் நடந்த ஓபன் தொடரில் டாமி ஆடவில்லை. பிறகு குளிர்காலத்தில், ஆர்தர் மோல்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயர் விட்ட சவாலை ஏற்று, ஆறு நாள் ஆட்டம் ஒன்றை ஆடினார். மைதானத்தில் பனி கொட்டிக் கிடந்தது. எதிராளிக்கு அடிகளில் சலுகையும் கொடுத்து, ஜெயித்தார்.

1875 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் காலை. டாமி படுக்கையில் இறந்துகிடந்தார். வயது 24. காரணம், நுரையீரலில் ஏற்பட்ட ரத்தக் கசிவு. மனசு உடைந்துதான் செத்தான் என்பது ஊர்ப்பேச்சு. துக்கத்தால் ஒருவன் சாக முடியும் என்றால் தான் இன்னும் இருந்திருக்க மாட்டேன் என்று அப்பா சொன்னதாகவும் சொல்வார்கள்.

அந்த அப்பா அதற்குப் பிறகும் 32 வருஷம் வாழ்ந்தார். மனைவியையும் மற்ற பிள்ளைகளையும் ஒவ்வொருவராக அடக்கம் செய்தார். 1908 மே மாதம், 86 வயதில், செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப் ஒன்றின் படிக்கட்டில் தவறி விழுந்து இறந்தார்.

செயின்ட் ஆண்ட்ரூஸின் சிதிலமான பழைய தேவாலய வளாகத்தில் இருவரும் அருகருகே இருக்கிறார்கள். டாமியின் கல்லறைச் சுவரில் அவர் உருவம், பந்தைப் பார்த்துக் குனிந்து மட்டையைப் பிடித்தபடி. அந்த நினைவுச் சின்னத்துக்கு 1878-ல் காசு போட்டவை அறுபது கோல்ஃப் சங்கங்கள்.