கண்ணு பெருசா போட்டா அனிமே முகம் வந்துடுமா? ஒசாமு தெசுகா போட்ட வட்டத்தின் கதை!

அனிமே முகம் வரையப் பழகுறவங்க எல்லாரும் மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. இடது கண் சூப்பரா வந்துடும். வலது கண்ணைப் போட்டதும் மொத்த முகமும் கோணிப்போயிடும். அதனால்தான் சொல்லித்தர்றவங்க முதல்ல ஒரு வட்டம், அதுக்குள்ள குறுக்கும் நெடுக்குமா ரெண்டு கோடு போடச் சொல்றாங்க.

இந்த உருண்டை முகம், பெரிய கண், துளியூண்டு மூக்கு எல்லாத்தையும் ஜப்பான் முழுக்கப் பரப்பியவர் ஒசாமு தெசுகா. அங்கே அவருக்கு 'மங்கா கடவுள்' என்றே பெயர். ஆனால் அந்தக் கடவுளுக்கே தன் ஓவியத்தின் மீது கடைசிவரை சந்தேகம் இருந்தது.

யார் இந்த தெசுகா?

1928 நவம்பர் 3-ல் ஒசாகா பக்கத்தில் உள்ள டொயொனாகாவில் பிறந்தார். வளர்ந்தது தகராசுகா நகரில். அப்பா வீட்டிலேயே புரொஜெக்டர் வைத்து டிஸ்னி, சாப்ளின் படங்களைப் போட்டுக் காட்டுவார். அம்மா கூட்டிப்போன இடம், பெண்களே ஆண் வேடமும் போடும் தகராசுகா இசை நாடக அரங்கம். மேடை வெளிச்சத்தில் மை தீட்டிய கண்கள் பளபளப்பதை அங்கேதான் பார்த்தார். 1953-ல் 'ரிப்பன் நோ கிஷி' தொடரில் ஆண் வேடமிட்ட இளவரசி சஃபையருக்கு அதே கண்களைக் கொடுத்தார்.

பெரிய கண்ணை தெசுகாதான் கண்டுபிடித்தார் என்று பலரும் எழுதுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. போருக்கு முன்பே ஜுனிச்சி நகஹாரா போன்றவர்கள் சிறுமிகளுக்கான பத்திரிகைகளில் அப்படி வரைந்திருக்கிறார்கள். அந்த முகத்தை வைத்து பக்கம் பக்கமாகக் கதை சொன்னதுதான் தெசுகாவின் வேலை.

நிஜம் போல வரையத் தெரியாதா?

நல்லாவே தெரியும். சின்ன வயதில் அவருக்குப் பூச்சிப் பைத்தியம். பெயரோடு 'பூச்சி' என்ற எழுத்தைச் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு! அப்போது வரைந்த வண்டு, பட்டாம்பூச்சிப் படங்களைப் பார்த்தால் போட்டோவோ என்று தோன்றும். பிறகு ஒசாகாவில் மருத்துவமும் படித்தார், 1961-ல் முனைவர் பட்டமும் வாங்கினார். எலும்பும் தசையும் தெரிந்தவர்தான் மூக்கை ஒரு புள்ளியாகச் சுருக்கினார்.

அவருடைய 'ஆஸ்ட்ரோ பாய்' தலையைக் கவனியுங்கள். இரண்டு கொம்பு மாதிரி முடி நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டும் தெரியும். நிஜத் தலையில் அது நடக்காது. ஆனால் பார்த்த நொடியில் அது யார் என்று தெரிந்துவிடும். உடற்கூறு விதியை மீறலாம், தான் போட்ட விதியை மீறக்கூடாது என்பதுதான் அவர் கணக்கு.

வரைபவர்கள் சறுக்குவதும் இங்கேதான். கண்ணைப் பெருசாக்கினா மட்டும் போதாது. நெற்றிக்கு இடம் விட்டு, தலையின் நடுக்கோட்டிலோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ கண் உட்காரணும். இன்னும் கீழே இறக்கினால் குழந்தை முகம், மேலே ஏற்றினால் பெரியவர் முகம். வரைந்த தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதுவரை சரியாகத் தெரிந்த கோணல் அப்படியே கண்ணில் அடிக்கும்.

1963 ஜனவரி 1-ல் ஆஸ்ட்ரோ பாய் டிவிக்கு வந்தது. வாரம் ஒரு அரைமணி நேர எபிசோடு. அவ்வளவு படம் வரைய ஆளும் இல்லை, காசும் இல்லை. உடம்பை அசைக்காமல் வாயை மட்டும், இமையை மட்டும் அசைத்தார்கள். வரைந்த காட்சிகளையே எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். ஆக மொத்தப் பாரமும் முகத்தின் தலையில்தான்.

ஆட்டம் கண்ட நம்பிக்கை

அதற்கு முன்பே, 1950-களின் கடைசியில் 'கெகிகா' அலை வந்துவிட்டது. பெரியவர்களுக்கான, இருட்டான, நிஜத்துக்கு நெருக்கமான படக்கதைகள். தெசுகாவின் உதவியாளர்களே அதை விழுந்து விழுந்து படித்தார்கள். மனுஷன் நொந்துபோனார். தன் உருண்டைகள் பழசாகிவிட்டன என்ற பயத்தில், கோடுகளையே மாற்றிப் பழகினார். 1973-ல் அவர் தொடங்கிய முஷி புரொடக்‌ஷன் திவாலானது. அதே ஆண்டுதான் 'பிளாக் ஜாக்' வந்தது. உரிமம் இல்லாத அந்த அறுவை சிகிச்சை மருத்துவரின் முகத்தில் தையல் தழும்பு, ஒரு பக்கம் வேறு நிறத் தோல். இரண்டு பாதியும் பொருந்தாத அந்த முகம்தான் அவரை மறுபடி தூக்கி நிறுத்தியது.

1979-ல் ஒரு பேட்டியில், தான் வரைவது ஓவியமே இல்லை, ஒருவகை எழுத்து என்று விளக்கினார். ஆச்சரியம் என்றால் கண் வட்டமாகும், கோபம் என்றால் கண்ணைச் சுற்றிச் சுருக்கம். இந்த வடிவங்களைச் சேர்த்துச் சேர்த்துக் கதை எழுதுகிறேன் என்பது அவர் வாதம். தன்னடக்கமா, தாழ்வு மனப்பான்மையா? ரெண்டும் கலந்ததுன்னுதான் தோணுது.

1986-ல் என்.எச்.கே. தொலைக்காட்சி, அவர் வேலை செய்யும் அறையில் எடுத்த படத்தை ஒளிபரப்பியது. கற்பனைக்குக் குறைவே இல்லை, கைதான் ஒத்துழைக்கவில்லை என்றார். கருவி இல்லாமல் சுலபமாகப் போட்டுவந்த வட்டம், இப்போது சரியாக வருவதில்லை என்பதுதான் அவர் குறை.

சுமார் 1,50,000 பக்கங்கள் வரைந்தவர். வயிற்றுப் புற்றுநோயோடு மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் பென்சிலை விடவில்லை. 1989 பிப்ரவரி 9-ல் 60 வயதில் இறந்தார். பீத்தோவன் வாழ்க்கையைச் சொல்லும் 'லுட்விக் பி' உட்பட மூன்று தொடர்கள் பாதியில் நின்றன.