ஓட்டேரியில் துயிலும் பெருமகனார்

சென்னை மாநகரின் வடபால் அமைந்தது ஓட்டேரி. புரசைவாக்கமும் பெரம்பூரும் தனித்தனிக் கிராமங்களாய் விளங்கிய காலத்தில், அவற்றை அடுத்திருந்த இதுவும் ஒரு சிற்றூரே. நகரம் பெருகவே, வீடுகள் நெருங்கிய குடியிருப்புப் பகுதியாயிற்று. ஆங்குள்ள இடுகாட்டில்தான் நம் பெருந்தலைவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் துயில்கின்றார்.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் கிராமத்தில் எளிய குடியில் தோன்றிய அவர், கோயமுத்தூரில் கல்வி பயின்றார். உடன் பயின்றோருள் பெரும்பாலோர் உயர்சாதி மாணவர். தம் குலம் தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால், மணியடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். பள்ளி விட்டதும், விளையாட நில்லாது வீடு திரும்புவார். அந்தப் பிஞ்சு உள்ளம் பட்ட துயரை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நீலகிரியில் கணக்கராய்ப் பணியாற்றியபின், 1890-இல் சென்னைக்கு வந்தார். 1891-இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893-இல் ஓர் இதழைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'பறையன்' என்பதாம். எப்பெயர் வெளிப்படும் என்று இளமையில் அஞ்சி ஒதுங்கினாரோ, அப்பெயரையே முகப்பில் அச்சிட்டு ஊரறியச் செய்தார். ஏழாண்டுகள் அவ்விதழ் நம் மக்களின் குறைகளை அரசாங்கத்தின் செவிக்கு எட்டச் செய்தது.

பின்னர்த் தென்னாப்பிரிக்கா சென்று, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய்ப் பணிபுரிந்தார். தாயகம் திரும்பி, 1923-இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924-இல் கொணர்ந்து நிறைவேற்றினார். அரசாங்கமும் அதனை ஆணையாக வெளியிட்டது. 1930-இல் டாக்டர் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து நம் உரிமைக்காக வாதாடினார். 1932-இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் அவரும் ஒருவர். 1945 செப்டம்பர் 18-இல் மறைந்தார்.

ஆசிரியப் பணியில் நாம் ஒன்றைக் கண்டு வருந்துகின்றோம். உதவித்தொகை விண்ணப்பத்தில் சாதியை எழுதுமிடம் வந்ததும், நம் பிள்ளைகள் சிலர் தாளைக் கையால் மறைத்துக்கொள்கின்றனர். குறை பிள்ளைகளுடையதன்று, நாணவேண்டியவர் இழிவு கற்பித்தோரே. ஆயினும், அக்கையை விலக்கும் துணிவைத் தரவல்லது கல்வி ஒன்றே என்பதற்கு இப்பெரியாரின் வாழ்வே சான்று.

இளைஞர்காள்! சென்னைக்குச் செல்லும் வாய்ப்பு நேரின், ஓட்டேரிக்கும் ஒருமுறை செல்லுங்கள். எவரும் தடுக்காத பொதுச் சாலை வழியே நடந்து அவ்விடத்தை அடைவீர்கள். அந்நடைக்கே அவர் போராடினார் என்பதை நினைவில் இருத்துங்கள். வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் பிள்ளைகள், மணியடிக்கு முன்னரே வகுப்பில் புகுந்து முன்வரிசையில் அமர்தலே, அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.