இரண்டு முறை நாற்காலியை விட்டு எழுந்தவர்

அரியலூர் என்ற பெயரை இந்தியா முழுவதும் ஒரே நாளில் அறிந்துகொண்டது. அது நல்ல நாள் அல்ல. 1956-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி. அடைமழை. மருதையாற்றில் பெருவெள்ளம். தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுப் பாலத்தருகே கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் பலியாயின.

ரயில்வே மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி அந்தப் பாலத்தைக் கட்டியவர் அல்லர். ரயிலை ஓட்டியவரும் அல்லர். ஆனாலும் பொறுப்பு தம்முடையது என்று சொல்லிப் பதவியைத் துறந்தார். அரியலூரில் நடந்த விபத்துக்காக டெல்லியில் ஒரு நாற்காலி காலியாயிற்று.

அதே மந்திரி சபையில் அப்போது நிதி மந்திரியாக இருந்தவர் ஒரு தமிழர். பதினைந்து மாதங்களுக்குள் அவர் நாற்காலியும் காலியாயிற்று. அவரைக் கவிழ்த்தது ரயில் அல்ல. தள்ளாடிக்கொண்டிருந்த சில கம்பெனிகளின் பங்குப் பத்திரங்கள்.

அவர்தான் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. நாடறிந்த டி. டி. கே.

நஷ்டத்தில் மூழ்கும் கம்பெனியைச் சர்க்கார் பணம் போட்டுக் காப்பாற்றலாமா? மோட்டார் கார்த் தொழிற்சாலை மூடும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. டி. டி. கே.யின் வாழ்க்கையைப் படித்தால் அதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

சோப்பு விற்ற பட்டதாரி

1899-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி பிறந்தவர் கிருஷ்ணமாச்சாரி. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் படித்த குடும்பத்துப் பிள்ளை என்றால் வக்கீல் ஆவான். இல்லையேல் உத்தியோகத்துக்குப் போவான். இவரோ வியாபாரத்தில் இறங்கினார்.

1928-ல் டி. டி. கிருஷ்ணமாச்சாரி அண்டு கம்பெனி பிறந்தது. சோப்பு முதலான சாமான்களை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்குச் சேர்ப்பதுதான் தொழில். சரக்கை யார் தயாரித்தாலும் சரி, அதை மூலைமுடுக்குக் கடைவரை கொண்டுபோகும் வித்தை தெரிந்தவனே பிழைப்பான் என்பதை அவர் கண்டுகொண்டார். இன்று பல வீட்டு அடுப்பில் விசில் அடிக்கும் பிரஸ்டீஜ் குக்கரும் பின்னாளில் அந்தக் குடும்பத்துத் தொழிலிலிருந்து வந்ததே.

வியாபாரம் கைகூடியதும் அரசியல் அழைத்தது. 1937-ல் சுயேச்சையாகச் சென்னைச் சட்டசபைக்குப் போனார். பிறகு மத்திய சட்டசபை. காங்கிரசில் சேர்ந்தார். அரசியல் நிர்ணய சபையில் சட்டத்தை எழுதிய குழுவிலும் இடம் பெற்றார். அந்தக் குழுவில் ஒருவர் இறந்தார், ஒருவர் விலகினார், சிலர் வரவே இல்லை. பாரமெல்லாம் டாக்டர் அம்பேத்கரின் தோள்மீது விழுந்தது என்று 1948 நவம்பரில் சபையறிய எடுத்துச் சொன்னவர் இவரே. பிறர் உழைப்பை மறைக்காத குணம் அது. கூடவே, மனத்தில் பட்டதைப் பட்டென்று பேசும் குணமும் உண்டு. அந்தக் குணம் அவருக்கு நண்பர்களைவிட விரோதிகளையே அதிகம் தேடிக்கொடுத்தது.

காருக்குப் போட்ட வேலி

1952-ல் நேருஜி அவரை வர்த்தக, தொழில் மந்திரி ஆக்கினார். அப்போது இந்தியாவில் மோட்டார் கார் ஓடியது, ஆனால் பிறக்கவில்லை. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் என்ற இரு அமெரிக்கக் கம்பெனிகள் பாகங்களைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றன. ஃபோர்டுக்குச் சென்னையிலேயே ஒரு பூட்டும் பட்டறை இருந்தது.

உள்நாட்டுக் கம்பெனிகளின் பாடு திண்டாட்டம். கல்கத்தா பக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் அசோக் மோட்டார்சும் ஸ்டாண்டர்டும். விற்பனை சொற்பம், செலவோ மலை. வெளிநாட்டுக்காரனோடு போட்டி போட்டால் எல்லாமே படுத்துவிடும்.

சுங்கக் கமிஷன் விசாரித்து 1953-ல் அறிக்கை கொடுத்தது. காரின் பாகங்களைப் படிப்படியாக இந்தியாவிலேயே செய்ய ஒப்புக்கொள்ளும் கம்பெனிக்கு மட்டுமே இனி இடம். வெறுமனே பூட்டி விற்பவருக்கு இடமில்லை. சர்க்கார் இதை ஏற்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் கடையைக் கட்டின.

இதுவும் ஒருவகை உதவிதான். ரொக்கமாகக் கொடுக்கவில்லை, வேலியாகக் கொடுத்தார்கள். அந்த வேலிக்குள்தான் சென்னை மோட்டார் நகரமாக வளர்ந்தது. அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது. 1946-ல் அதே திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம். ஆர். எஃப். 1961-ல் டயருக்கு வந்தது. அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை ஒன்று பெரம்பலூர் பக்கம் நாரணமங்கலத்தில் வந்தது இந்தத் தலைமுறை கண்ட சங்கதி.

வேலிக்கு இன்னொரு முகமும் உண்டு. போட்டி இல்லாத வியாபாரி சோம்பேறியாவான். காருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள் ஜனங்கள். பழைய மாடலையே புதுப் பெயரில் வாங்கினார்கள். நன்மையும் தீமையும் ஒரே விதையில் முளைத்தன.

பாலிசிதாரர் பணம்

1956 ஆகஸ்டு முடிவில் டி. டி. கே. நிதி மந்திரியானார். இரண்டே நாளில், செப்டம்பர் 1-ந் தேதி, ஆயுள் இன்ஷுரன்ஸ் கார்ப்பொரேஷன் உதயமாயிற்று. 245 தனியார் ஸ்தாபனங்களைச் சர்க்கார் ஒன்றாக்கியது. இதில் தொழிலாளர் சங்கத்துக்கும் பங்கு உண்டு. 1951-ல் பிறந்த அகில இந்திய இன்ஷுரன்ஸ் ஊழியர் சங்கம், இந்தத் தொழிலைத் தேசமயமாக்க வேண்டும் என்று தொடக்கத்திலிருந்தே கேட்டுவந்தது. முதலாளிகள் பாலிசிதாரர் பணத்தைத் தம் சொந்தக் கம்பெனிகளில் கொட்டுகிறார்கள் என்பது அக்காலத்தில் பரவலாக இருந்த புகார்.

1957-ல் நயா பைசா வந்தது. அதே வருஷம் சொத்து வரியும் செலவு வரியும் வந்தன. இரண்டையும் கொண்டுவந்தவர் டி. டி. கே. பணக்காரர்கள் முகம் சுளித்தார்கள். வியாபாரியே வியாபாரிமீது வரி போடுகிறாரே என்றார்கள்.

அந்த நேரத்தில் கல்கத்தாவில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற சூதாட்ட வியாபாரி ஆட்டம் கண்டார். மின்சார பல்பு விற்றுத் தொடங்கி, வெள்ளைக்காரர் நடத்திய பெரிய பெரிய கம்பெனிகளை விழுங்கியவர் அவர். ஜெஸப், ரிச்சர்ட்சன் குரூடாஸ், கான்பூர் பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பொரேஷன் எல்லாம் அவர் கைக்குள். கடன் கழுத்தை நெரித்தது. பங்கு விலை சரிந்தது.

1957 ஜூன் மாதம் ஆயுள் இன்ஷுரன்ஸ் கார்ப்பொரேஷன் அவருடைய ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஏறக்குறைய ஒரு கோடியே 24 லட்ச ரூபாய்க்கு வாங்கியது. கார்ப்பொரேஷனின் முதலீட்டுக் குழுவைக் கூட்டிக் கேட்கவில்லை. கல்கத்தா பங்கு மார்க்கெட் விழாமல் தடுக்கத்தான் வாங்கினோம் என்று பிறகு சொன்னார்கள். பணம் யாருடையது? மகள் கல்யாணத்துக்கும் மகன் படிப்புக்கும் என்று மாதா மாதம் பிரீமியம் கட்டிய குமாஸ்தாவின் பணம், ஆசிரியரின் பணம், தொழிலாளியின் பணம்.

மாப்பிள்ளை எழுப்பிய புயல்

1957 டிசம்பரில் பார்லிமெண்டில் புயல் எழுந்தது. எழுப்பியவர் யார்? எதிர்க்கட்சிக்காரர் அல்லர், காங்கிரஸ் உறுப்பினரும் நேருஜியின் மாப்பிள்ளையுமான ஃபெரோஸ் காந்தி! கேள்விமேல் கேள்வி கேட்டுக் கணக்கைப் பிட்டுப் பிட்டு வைத்தார்.

பம்பாய் ஹைகோர்ட்டுப் பிரதம நீதிபதி சாக்ளா விசாரணைக்கு நியமிக்கப்பட்டார். விசாரணை பகிரங்கமாக நடந்தது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் எல்லாம் முடிந்தது.

தமக்குத் தெரியாமல் அதிகாரிகள் செய்தார்கள் என்பது டி. டி. கே.யின் கட்சி. மந்திரிக்குத் தெரிந்தே நடந்தது என்பது நிதி இலாகாக் காரியதரிசி எச். எம். பட்டேலின் கட்சி. சாக்ளா கண்ட முடிவு கடுமையானது. காரியதரிசி செய்த காரியத்துக்கு மந்திரியே பொறுப்பு; நான் செய்யவில்லை என்று அவர் நழுவ முடியாது.

1958 பிப்ரவரியில் டி. டி. கே. ராஜினாமா செய்தார். பட்ஜெட்டுக்குச் சில நாட்களே இருந்தன. நேருஜியே அந்த வருஷப் பட்ஜெட்டைப் படித்தார். முந்த்ரா சிறைக்குப் போனார்.

டி. டி. கே. இந்தப் பேரத்தில் ஒரு காசு தொட்டார் என்று சாக்ளா சொல்லவில்லை. ஆனால் பொதுப்பணம் போனது. கேட்பவருக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். அரியலூரில் சாஸ்திரி காட்டிய வழி அது. சாஸ்திரி தாமே முன்வந்து நடந்தார். டி. டி. கே. பிடித்துத் தள்ளப்பட்டு நடந்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாடு கவனித்தது.

தொழிலாளி எங்கே?

இந்தக் கதையில் ஒரு விசித்திரம். கைதூக்கிவிடப்பட்டவர் முதலாளி. பணம் கொடுத்தவர் பாலிசிதாரர். ஆலைகளில் வியர்வை சிந்திய தொழிலாளியை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

கல்கத்தா ஜெஸப் கம்பெனியைப் பாருங்கள். ரயில் பெட்டியும் பாரந்தூக்கியும் செய்யும் பழம்பெரும் தொழிற்சாலை. பங்கு வாங்கியதால் அதற்கு விமோசனம் வரவில்லை. 1958-ல் சர்க்கார் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்ட பிறகே தொழில் தொடர்ந்தது. முதலாளி போனார், தொழிற்சாலை நின்றது. முதலாளியைக் காப்பாற்றுவது வேறு, தொழிலைக் காப்பாற்றுவது வேறு என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

பிற்காலத்தில் அமெரிக்கா இந்தப் பாடத்தை வேறு விதமாகப் படித்தது. 1979-ல் கிரைஸ்லர் கார்க் கம்பெனி நொடித்தது. அமெரிக்க சர்க்கார் 150 கோடி டாலர் கடனுக்கு ஜாமீன் நின்றது. ஆனால் நிபந்தனை போட்டது. பாங்குகள் விட்டுக்கொடுக்க வேண்டும். தொழிற்சங்கமும் கூலியில் விட்டுக்கொடுக்க வேண்டும். சங்கம் சம்மதித்தது, பதிலுக்கு அதன் தலைவர் கம்பெனியின் டைரக்டர் சபையில் உட்கார்ந்தார். 1983-லேயே கடன் அடைந்தது. 2009-ல் ஜெனரல் மோட்டார்சுக்கும் உதவி கிடைத்தது. கம்பெனி பிழைத்தது, சர்க்காருக்கோ ஆயிரம் கோடி டாலருக்கு மேல் நஷ்டம். இங்கிலாந்தில் 1975-ல் சர்க்கார் ஏற்ற பிரிட்டிஷ் லேலண்டில் நிர்வாகமும் சங்கமும் கீரியும் பாம்புமாக இருந்தன. எவ்வளவு கொட்டியும் அது நிமிரவில்லை.

இரண்டாவது ராஜினாமா

டி. டி. கே.யின் கதை 1958-ல் முடியவில்லை. 1962-ல் திருச்செந்தூர்த் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குத் திரும்பினார். 1963-ல் மறுபடியும் நிதி மந்திரி. 1964-ல் யூனிட் டிரஸ்டும் தொழில் வளர்ச்சி பாங்கும் அவர் காலத்தில் பிறந்தன. தொழிலுக்குப் பணம் வேண்டுமானால் இருட்டில் கைமாறக் கூடாது; அதற்கென்று ஸ்தாபனமும் சட்டமும் கணக்கும் வேண்டும். முந்த்ரா விவகாரத்தில் சூடுபட்டவர் இதை உணராமல் இருந்திருக்க முடியுமா?

1965-ல் புதிய புகார்கள் கிளம்பின. குடும்பக் கம்பெனிக்குப் பதவியால் ஆதாயம் தேடினார் என்றார்கள். அப்போது பிரதமர் யார் தெரியுமா? அரியலூர் விபத்துக்காகப் பதவி துறந்த அதே லால்பகதூர் சாஸ்திரி! புகாரில் ஆதாரம் உண்டா என்று சுப்ரீம் கோர்ட்டுப் பிரதம நீதிபதி பார்க்கட்டும் என்றார் சாஸ்திரி. தம்மீது நம்பிக்கை இல்லை என்றே அதை டி. டி. கே. எடுத்துக்கொண்டார். அந்த வருஷத்தின் கடைசி நாளில் ராஜினாமா செய்தார். பதினோராவது நாள் தாஷ்கண்டில் சாஸ்திரி காலமானார்.

அதன் பிறகு டி. டி. கே. பதவிக்குத் திரும்பவில்லை. 1974 மார்ச் 7-ந் தேதி மறைந்தார். சென்னையில் மௌபரீஸ் ரோடு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரோடு மல்லுக்கு நின்ற பட்டேல் 1977-ல் தாமே நிதி மந்திரியானது விதியின் வேடிக்கை!

நமக்குள்ள பாடம்

டி. டி. கே. வேலி கட்டி வளர்த்த கார்க் கம்பெனிகளில் சில பின்னாளில் மாண்டன. சென்னை ஸ்டாண்டர்டு தொழிற்சாலை 1988-ல் ஓய்ந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-ல் அம்பாசடரை நிறுத்தியது. ஒரு தரம் வெளியேறித் திரும்பிவந்த ஃபோர்டும் 2022-ல் மறைமலைநகரில் கார் தயாரிப்பை முடித்தது. அங்கே தொழிலாளர்கள் போராடியது நியாயமான நஷ்டஈட்டுக்காக.

இது பட்டணத்துக் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. பெரம்பலூர், அரியலூர் பிள்ளைகள் பலர் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார் ஆலைகளில் நிற்கிறார்கள். எறையூர்ச் சர்க்கரை ஆலையும் அரியலூர்ச் சிமெண்டு ஆலையும் சர்க்கார் சொத்துக்கள். அவற்றில் நஷ்டம் வந்தால் கேள்வி நம் வாசலுக்கே வரும்.

அப்போது மூன்று காரியங்களைப் பார்க்க வேண்டும். பணம் பகிரங்கமாகக் கொடுக்கப்படுகிறதா? முதலாளியும் கடன் கொடுத்தவனும் முதலில் தங்கள் பங்கை இழக்கிறார்களா? தொழிலாளர் சங்கம் மேஜையில் உட்கார்ந்து, கணக்கைப் பார்த்து, பொறுப்பையும் சேர்த்து ஏற்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் கைகொடுப்பது தர்மம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அது முந்த்ராவுக்குக் கொடுத்த பணம்.

கெட்டிக்காரர் டி. டி. கே. அவர் கட்டியவை பல இன்றும் நிற்கின்றன. அவர் விழுந்த இடமும் நாட்டுக்கு ஒரு மைல்கல்லாக நிற்கிறது. பொதுப்பணத்தைத் தொடும் ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டே மேலே நடக்க வேண்டும்.