ராபர்ட் கொர்னேலியஸ்

ராபர்ட் கொர்னேலியஸ் (மார்ச் 1, 1809 – ஆகஸ்ட் 10, 1893) அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த விளக்கு உற்பத்தியாளரும் ஒளிப்படக்கலை முன்னோடியும் ஆவார். தந்தையின் விளக்குத் தொழிலில் வெள்ளி முலாம் பூசுவதில் தேர்ச்சி பெற்றார். பிரான்சின் லூயி டாகர் உருவாக்கிய ஒளிப்பட முறைக்கு வெள்ளி பூசிய செப்புத் தகடு தேவைப்பட்டதால், ஜோசப் சாக்ஸ்டன் என்பவர் இவரை நாடினார். இவரது ஒளிப்பட ஆர்வம் அதிலிருந்தே தொடங்கியது.

1839 இல் கடைக்கு வெளியே சூரிய ஒளியில் கருவியை நிறுத்தித் தன்னைத் தானே படமெடுத்தார். கலைந்த தலைமுடியும் கட்டிய கைகளுமாக உள்ள உருவம் படத்தின் நடுவில் அமையவில்லை. கருவிக்குப் பின்னிருந்து சரிபார்க்க எவரும் இல்லாததே காரணமாகலாம். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய செல்பி எனப்படும் தற்படத்தின் முன்னோடியாக இப்படம் குறிப்பிடப்படுகிறது. இது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளது.

பின்னர் ஒளிப்பட நிலையம் தொடங்கினார். எனினும் சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டு, விளக்குத் தொழிலுக்கே திரும்பினார்.